அச்சுக்குப் போன சொல்

அகராதி அலுவலகத்தில் எல்லோரும் அவளைச் சீட்டக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பதினெட்டு வருஷமாகச் சொல்லுக்கொரு சீட்டு எழுதுவது அவள் வேலை. மேலே சொல், அடுத்து அதன் பொருள், பிறகு அது எங்கிருந்து வந்தது, யார் வாயில் எப்படிப் புழங்குகிறது, கடைசியில் எழுதிய தேதி. புதிதாக வேலைக்கு வருகிறவர்கள், "சீட்டுன்னா ரம்மியா அக்கா?" என்று கேட்பார்கள். "ஆமா. ஜோக்கர் உள்ரூம்ல இருக்காரு" என்பாள்.

உள்ளறையில் இருந்தவர் பேராசிரியர், அகராதியின் தலைமைப் பதிப்பாசிரியர். அறிவாளிதான். மேடையில் ஒரு சொல்லை எடுத்தாரென்றால் ஒரு மணி நேரம் கூட்டத்தைக் கட்டிப்போடுவார். ஆனால் அவருடைய எச்சிலைத்தான் சீட்டக்காவால் சகித்துக்கொள்ள முடியவில்லை. ஒவ்வொரு சீட்டைப் புரட்டுவதற்கும் கட்டைவிரலை நாக்கில் வைத்து நன்றாக ஒற்றி எடுப்பார். அவர் கைபட்ட சீட்டுகளின் மூலை கறுத்து, உப்பி, ஆறிப்போன டீயின் வாடை அடிக்கும். அவள் அந்தப் பெட்டிகளைத் திறந்தால் ஸ்கேலால்தான் சீட்டுகளைத் தள்ளுவாள். மதியம் சாப்பிட உட்காருமுன் சோப்புப் போட்டு இரண்டு தடவை கை கழுவுவாள். "அக்காவுக்குச் சுத்தம் ஜாஸ்தி" என்று மற்றவர்கள் சிரிப்பார்கள்.

சீட்டுகள் லட்சத்தைத் தாண்டிவிட்டன. அகராதி மட்டும் வெளிவந்தபாடில்லை. மூன்று முறை அச்சகத்தின் வாசல்வரை போய்த் திரும்பியது. ஒவ்வொரு முறையும் செலவை ஏற்பதாகச் சொன்னவர்கள் கையை விரித்துவிட்டார்கள். சீட்டுக்குத் தாள் வாங்கவே அலுவலகத்துக்கு வக்கில்லை. ஒரு பக்கம் அச்சடித்து வீணான காகிதங்களை மற்ற இடங்களிலிருந்து கேட்டு வாங்கி, நாலாக வெட்டி, பின்பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

இப்படிப்பட்ட இடத்துக்கு ஒருநாள் தொழிலாளர் விசாரணை அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. ‘அச்சு’ என்ற சொல்லுக்கு என்ன பொருள், அது எதிலிருந்து வந்தது, ஆதாரத்தோடு தெரிவிக்கவும் என்று கேட்டிருந்தார்கள்.

விஷயம் இதுதான். நகரத்துக் குப்பையை அள்ளும் கம்பெனியில் தள்ளுவண்டி தள்ளுகிறவர் ஒருவர். ஒரு இறக்கத்தில் வண்டி குடைசாய்ந்து, நிறைந்திருந்த இரும்புத்தொட்டி அப்படியே அவர் காலில் விழுந்தது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் மயக்கம் தெளிந்ததும் அவர் கொடுத்த வாக்குமூலத்தில் ஒரே ஒரு வரிதான் விபத்தின் காரணத்தைச் சொன்னது: "இறக்கத்துல அச்சு போயிடுச்சு சார்."

கம்பெனி அந்த வரியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. அவர் அச்சு என்று சொன்னது அச்சாணியை, சக்கரம் கழன்று ஓடாமல் முனையில் செருகுகிற ஆணியை என்றது. அந்த ஆணியைத் தினமும் காலையில் பார்த்து இறுக்குவது வண்டி தள்ளுகிறவர் பொறுப்பு என்று விதித்தாளில் இருந்தது. கீழே அவருடைய கைரேகையும் இருந்தது. ஆக, கால் போனது அவர் தப்பு. இரண்டு சக்கரத்தையும் சேர்க்கிற தண்டு முறிந்திருந்தால்தான் கம்பெனி பதில் சொல்ல வேண்டும். வண்டியைப் பார்த்தால் தெரிந்துவிடுமே என்றால், வண்டி இல்லை. விபத்து நடந்த மூன்றாம் நாளே அதைப் பழைய இரும்புக்குப் போட்டு உருக்கிவிட்டார்கள். அந்த ஒரு சொல்தான் மிச்சம்.

கடிதத்தைப் படித்த சீட்டக்காவுக்கு, இதில் கேட்க என்ன இருக்கிறது என்று தோன்றியது. அ வரிசையின் முதல் பெட்டியில், அவள் வேலைக்குச் சேர்ந்த மாதத்தில் எழுதிய சீட்டு இருந்தது. ஸ்கேலால் நெம்பி எடுத்தாள். அச்சு: வண்டியின் இரு சக்கரங்களையும் கோத்து நிற்கும் தண்டு, இருசு என்றும் சொல்வர். கீழே பிறப்பு. வடமொழியின் அட்சம் என்ற சொல்லோடு சேர்ந்தது. கடல் தாண்டிய மொழிகளில்கூட அதற்கு ஒன்றுவிட்ட அண்ணன் தம்பிகள் உண்டு. அவையும் சக்கரத்தின் நடுத்தண்டையே குறிக்கின்றன. இருசு வேறு குடும்பம். பக்கத்து மொழிகளில் கிட்டத்தட்ட அதே உருவில் ஓடுகிறது. அச்சில் செருகுகிற ஆணி என்பதால் அச்சாணி. முதலில் அச்சு, பிறகுதான் ஆணி.

"அச்சாணியிலேருந்து அச்சு வந்துச்சாம். கல்யாணமே ஆகாம மாமியார் வந்த கதையா இருக்கு" என்று பக்கத்து மேசையில் சொல்லிச் சிரித்தாள். பதிலை அரைப் பக்கத்தில் எழுதிப் பேராசிரியரின் கையெழுத்துக்கு வைத்தாள்.

இரண்டு நாள் அது அவர் மேசையிலேயே கிடந்தது. மூன்றாம் நாள் கம்பெனியின் வக்கீல் வந்தார். சென்ட்டில் குளித்துவிட்டு வந்தவர்போல அவருக்கு முன்னால் அவருடைய வாசனை வந்தது. பேராசிரியர் சீட்டக்காவையும் உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னார்.

"எங்க முதலாளிக்குப் படிச்சவங்கன்னா உசிரு ஐயா" என்று வக்கீல் ஆரம்பித்தார். "இவ்வளவு பெரிய வேலைய முடிச்சு வெச்சுட்டு, அச்சுல ஏத்த முடியாம நிக்கிறீங்கன்னு கேட்டதும் மனுஷன் ஆடிப்போயிட்டாரு. எல்லாத் தொகுதியும் நானே போட்டுத் தர்றேன்னுட்டாரு. தோல் அட்டை, தங்க எழுத்து."

"எல்லாத் தொகுதியுமா?" என்று கேட்டார் பேராசிரியர்.

"ஒண்ணு விடாம. முன்பக்கத்துல யார் யார் பேரு வரணுமோ போட்டுக்கங்க. இந்த அக்கா பேரையும்தான்."

சீட்டக்காவின் நெஞ்சு ஒரு துள்ளு துள்ளியது. அந்தத் துள்ளலை நினைத்துப் பிற்பாடு அவள் எத்தனையோ நாள் தன்னையே காறித் துப்பிக்கொண்டாள். ஆனால் அன்றைக்குத் துள்ளத்தான் செய்தது.

"பதிலுக்கு ஒண்ணும் வேணாம்" என்றார் வக்கீல். "சின்ன விளக்கம், அவ்வளவுதான். ஜனங்க நீளமான சொல்ல வெட்டிப் பேசறது வழக்கம்தானே? அச்சாணிய அச்சுன்னு சொல்றவங்க இருந்தா, இருக்காங்கன்னு எழுதுங்க. இல்லாதத எழுதச் சொல்லல."

"இருக்கலாம். தேடிப் பாக்கணும்" என்றார் பேராசிரியர். முன்னால் புரட்ட ஒரு காகிதமும் இல்லாதபோதே அவருடைய கட்டைவிரல் நாக்குக்குப் போய்வந்தது.

வக்கீல் போனதும் அவர் சீட்டக்காவிடம் திரும்பினார். "அவங்க வண்டி நிறுத்துற இடத்துக்கு ஒருநடை போயிட்டு வாங்களேன். யாராவது ஒரே ஒரு ஆள் அப்படிச் சொன்னாக்கூடப் போதும். அதையே எடுத்துக்காட்டாப் போட்டுடலாம்."

வண்டிக்கொட்டடி ஊரின் கழிவுநீர் வாய்க்காலை ஒட்டி இருந்தது. கேட்டுக்கு அரை மைலுக்கு முன்பே மூக்கு எரிந்தது. உள்ளே நூறு வண்டிகளுக்குமேல் வரிசையாக நின்றன. கழுவாத தொட்டிகளின் அடியிலிருந்து பழுப்பாக ஏதோ சொட்டிக்கொண்டே இருந்தது. சொட்டிய இடத்தில் ஈக்கள் கம்பளம் விரித்ததுபோல் உட்கார்ந்து, கால் வைத்தால் எழுந்து, மறுபடி அதே இடத்தில் உட்கார்ந்தன. ஒரு சக்கரத்தில் செத்த எலி ஒன்று நசுங்கி ஒட்டியிருந்தது. அதை யாரும் சட்டை செய்யவில்லை. சீட்டக்கா கைக்குட்டையை மூக்கில் அழுத்திக்கொண்டு வாயால் மூச்சு வாங்கினாள். வாய்க்குள்ளும் அந்த நாற்றம் ருசியாக இறங்கியது.

மேற்பார்வையாளர் நாற்காலியில் உட்கார்ந்து எதையோ கொறித்துக்கொண்டிருந்தார். வக்கீல் சொல்லி வைத்திருப்பார்போல. "என்ன சொல்லணும்னு சொல்லுங்க மேடம், சொல்லிடறேன்" என்றார்.

"நீங்க வழக்கமா எப்படிச் சொல்வீங்களோ அப்படிச் சொல்லுங்க."

"அதான், உங்களுக்கு எப்படி வேணுமோ அப்படி."

அவரை விட்டுவிட்டு அவள் வண்டிகளின் பக்கம் போனாள். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் தன் வண்டியைக் கவிழ்த்துப்போட்டுத் துடைப்பத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். சீட்டக்கா சக்கரத்தின் முனையில் நீட்டிக்கொண்டிருந்ததைக் காட்டினாள்.

"இதுக்கு என்னம்மா பேரு?"

"ஆணி."

"அச்சுன்னு சொல்றது உண்டா?"

அந்தப் பெண் அவளை மேலும் கீழும் பார்த்தாள். "இது ஆணி. அச்சு இங்க இருக்கு." துடைப்பத்தின் அடியால் நடுத்தண்டைத் தட்டினாள். "ஆணிய ஏன் அச்சுன்னு சொல்லப்போறோம்? மூக்க வாய்ன்னு சொல்லுவாங்களா?"

தட்டிய சத்தம் டொங்கென்று கேட்டது. சீட்டக்கா குனிந்தாள். "உள்ள ஒண்ணும் இல்லையா?"

"தண்ணிக் குழாய்தான். கம்பி போட்டா காசுன்னு குழாய வெட்டிக் கறுப்புப் பெயிண்ட் அடிச்சு விட்டுருக்கான். ரெண்டு மாசம் வரும். அப்புறம் நடுவுல தொங்கும்." அவள் குரலைத் தாழ்த்தினாள். "கால் போன அண்ணன் வண்டியும் தொங்கிட்டுதான் இருந்துச்சு. மேற்பார்வைகிட்ட நாலு தடவ சொன்னாரு. புதுசு வரும், வரும்னு சொன்னான். வந்துச்சு, ஆம்புலன்சு."

சொல்லிவிட்டு அவள் தரையில் துப்பினாள். மேற்பார்வையாளர் நாற்காலியிலிருந்து எழுந்து வருவதைப் பார்த்ததும் மறுபடி சுரண்ட ஆரம்பித்தாள்.

பார்த்ததையும் கேட்டதையும் சீட்டக்கா அப்படியே பேராசிரியரிடம் சொன்னாள். குழாயைப் பற்றியும் சொன்னாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"குழாயப் பத்தி நம்மள யாரும் கேக்கலையே. நம்மகிட்ட கேட்டது சொல்லு."

"சொல்லும் அதத்தான் சொல்லுது ஐயா. ஒருத்தர்கூட ஆணிய அச்சுன்னு சொல்லல."

"நீங்க கேட்டது ஒருத்தங்களதான்." அவர் முன்னால் குனிந்தார். "பதினெட்டு வருஷம். உங்க தலைமுடி இங்கதான் நரைச்சுச்சு. நானும் இன்னும் எத்தன வருஷம் இருப்பேன்? நாளைக்கு நான் போயிட்டா இந்தப் பெட்டியெல்லாம் எடைக்குப் போயிடும். ஒரு சீட்டு. ஒரு லட்சம் சீட்ட வெளிச்சத்துக்குக் கொண்டுவர ஒரே ஒரு சீட்டு."

என்ன செய்ய வேண்டும் என்பதை அவர் தயாராக வைத்திருந்தார். பழைய சீட்டை எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்று, அவள் கையெழுத்தில், பதினெட்டு வருஷத்துக்கு முந்தைய தேதியோடு. அச்சு: அச்சாணி என்பதன் குறுக்கம், வண்டித் தொழிலாளர் பேச்சுவழக்கு.

அவள் எழுதினாள்.

யாரும் கழுத்தில் கத்தி வைக்கவில்லை. கொட்டடியின் நாற்றம் புடவையிலிருந்து இன்னும் போகவில்லை. எல்லாம் தெரிந்தே, பக்கத்தில் கிடந்த தாள்கட்டிலிருந்து ஒன்றை உருவி, தெளிவான எழுத்தில் எழுதினாள்.

பேராசிரியர் அதை வாங்கிப் பார்த்தார். "ரொம்பப் புதுசா இருக்கே" என்றார். கட்டைவிரலை நாக்கில் வைத்து எச்சிலை நிறைய எடுத்து, சீட்டின் மூலையில் தேய்த்தார். போதவில்லை. மறுபடி தொட்டுத் தேய்த்தார். பிறகு மிச்சமிருந்த டீயில் விரலை முக்கி அதன்மேல் பூசி, ஃபேனுக்கு நேராகப் பிடித்து உலர்த்தினார். பூனை குட்டியை நக்குவதுபோல் அத்தனை பரிவோடு செய்தார். மூலை பழுத்து, சுருங்கி, மற்ற சீட்டுகளைப்போலவே ஆகிவிட்டது. "பாருங்க. பதினெட்டு வருஷம்" என்று சிரித்தார். பற்களுக்கிடையில் டீத்தூள் ஒன்று ஒட்டியிருந்தது. சீட்டக்கா பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

வீட்டில் அவளுடைய கணவர் தையல் மெஷினில் இருந்தார். அகராதி அச்சுக்குப் போகப்போகிறது என்று மட்டும் சொன்னாள். அவர் காலை மிதியிலிருந்து எடுத்துவிட்டார்.

"நிஜமாவா? உன் பேரு வருதா?"

"தங்க எழுத்துல."

அவர் அளவெடுக்கும் டேப்பைக் கழுத்தில் போட்டபடியே மாடிவீட்டுக்கும் எதிர்வீட்டுக்கும் ஓடிப்போய்ச் சொல்லிவிட்டு வந்தார். எதிர்வீட்டு அம்மா ஜன்னலில் நின்று கையசைத்தாள். சீட்டக்கா குழாயடியில் நின்று கையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"கையக் கழட்டி வெக்கப் போறியா? போதும், வா, சாப்பிடலாம்" என்றார் அவர். அவள் இரண்டு வாய் சாப்பிட்டாள். மூன்றாவது வாய் தொண்டையிலிருந்து திரும்பி வந்தது. "சந்தோஷத்துல பசிக்காது" என்று அவர் தட்டை மூடி வைத்தார். அவர் முகத்தில் இருந்த பெருமையைப் பார்க்கப் பார்க்க அவளுக்குத் தன்மேல் இன்னும் அசிங்கமாக இருந்தது.

இரண்டு நாள் கழித்து விசாரணை. சின்ன அறை; ஜன்னல் திறக்காது. விசாரணை அதிகாரி ஜலதோஷம் பிடித்த ஒரு பெண்மணி, மூக்கை உறிஞ்சிக்கொண்டே எழுதினார். ஒரு பக்கம் வக்கீலும் பேராசிரியரும். சீட்டுப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அவர்களுக்குப் பின்னால் சீட்டக்கா. எதிரே வண்டிக்காரர் தன் மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் வந்து உட்கார்ந்தார். பேன்ட்டின் காலி பக்கத்தை மனைவி மடித்து ஊக்கு குத்தி விட்டிருந்தாள்.

"அச்சு போயிடுச்சுன்னு சொன்னீங்க. எதச் சொன்னீங்க?" என்று அதிகாரி கேட்டார்.

"அச்சத்தாம்மா சொன்னேன்."

"அச்சாணியையா?"

"ஆணி வேறம்மா. ஆணிய அன்னிக்குக் காலையிலதான் இறுக்குனேன். ரெண்டு சக்கரமும் உள்பக்கமாச் சாஞ்சுது. ஆணி போனா சக்கரம் வெளியதானே ஓடும்?"

வக்கீல் எழுந்தார். "இப்ப அவருக்கு எது சாதகமோ அதத்தான் சொல்லுவாரு. அன்னிக்கு, யாரும் சொல்லிக்கொடுக்காதப்ப, வாயில வந்த சொல் முக்கியம். அந்தச் சொல்லுக்கு என்ன பொருள்னு சொல்ல நாட்டுலயே பெரிய அறிஞர் வந்திருக்காரு."

பேராசிரியர் அரைமணி நேரம் பேசினார். அழகாகத்தான் பேசினார். சொற்கள் எப்படித் தேயும், எப்படி வாலை இழக்கும், எப்படி நீளமான பெயரைக் கூலிக்காரன் அவசரத்தில் பாதியில் விட்டுவிடுவான். அச்சாணி என்பது மூத்தது, அச்சு அதன் குட்டி. சீட்டை அதிகாரியிடம் நீட்டினார். "இந்த வழக்கு வரும்னு யாரும் நினைச்சுக்கூடப் பாக்காத காலத்துல எழுதினது. தேதி பாருங்க." அதிகாரி பார்த்தார். பழுத்த மூலையைப் பார்த்தார். தலையாட்டினார். எழுதிக்கொண்டார்.

"படிக்காதவங்க வாயில சொல் கொஞ்சம் சிதையும். அது அவங்க தப்பில்ல" என்று பேராசிரியர் முடித்தார். பிறகு வண்டிக்காரரின் பக்கம் போய், அவருடைய தோளில் கைவைத்து, கனிவாகச் சிரித்தார். "வருத்தப்படாதீங்க தம்பி. உங்க வாய்ச்சொல் அகராதியில ஏறப்போகுது. நீங்களும் நானும் போனப்புறமும் அது இருக்கும்."

வண்டிக்காரர் அந்தக் கையைப் பார்த்தார்.

இங்கேயே வாந்தி எடுத்துவிடக் கூடாது என்று சீட்டக்கா பெட்டியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். கதவுக்குத்தான் போக நினைத்தாள். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்னம்மா?" என்றார் அதிகாரி.

"பொய்" என்றாள் சீட்டக்கா. "அது நான் முந்தாநேத்து எழுதினது."

பேராசிரியர்தான் முதலில் சுதாரித்தார். "அவங்களுக்கு உடம்பு சரியில்ல. ரெண்டு நாளா ஒண்ணும் சாப்பிடல."

"சாப்பிடலதான். சாப்பிட முடியல." அவள் அதிகாரியைப் பார்த்தாள். "சீட்டத் திருப்பிப் பாருங்கம்மா. நாங்க வீணான தாளோட பின்பக்கத்துலதான் எழுதுவோம். முன்பக்கத்துல என்ன இருக்குன்னு பாருங்க."

அதிகாரி திருப்பினார். கண் பரிசோதனை முகாம் ஒன்றின் அறிவிப்பில் கால்வாசி அதில் இருந்தது. போன மாதத்துத் தேதி தடித்த எழுத்தில் இருந்தது. தாளை உருவியபோது அதைப் பார்த்தாளா, பார்க்காமலே எடுத்தாளா என்பது அவளுக்கே தெரியாது.

அவள் கொட்டடிக்குப் போனதையும், தண்ணீர்க் குழாயையும், வண்டி தொங்கியதை வண்டிக்காரர் நான்கு முறை மேற்பார்வையாளரிடம் சொன்னதையும் ஒன்று விடாமல் சொன்னாள். பழைய சீட்டு பேராசிரியரின் மேசை இழுப்பறையில் இருக்கிறது என்றாள். அதிகாரி ஆளனுப்பி எடுத்துவரச் செய்தார். அன்றே கொட்டடிக்கும் ஆட்கள் போனார்கள். கம்பெனிதான் பொறுப்பு என்று அடுத்த வாரம் முடிவானது.

ஆனால் அன்று வராந்தாவில் நடந்ததைத்தான் சீட்டக்கா மறக்கவில்லை. வண்டிக்காரரின் மனைவி அவளை நோக்கி வந்தாள். கையைப் பிடித்துக்கொண்டு அழப்போகிறாள் என்று சீட்டக்கா நினைத்தாள். தானும் அழத் தயாராகத்தான் இருந்தாள்.

"அத எழுதினது நீங்கதானே?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"ஆமா."

"குழாயப் பாத்தப்புறம் எழுதினீங்களா, முன்னாடியா?"

சீட்டக்கா தலையைக் குனிந்துகொண்டாள். "அப்புறம்தான்."

அந்தப் பெண்ணின் உதடு கோணியது. கொட்டடியில் நாற்றத்துக்கு முன்னால் சீட்டக்கா முகத்தைச் சுளித்தாளே, அதே சுளிப்பு. புருஷனிடம் திரும்பிப்போய், தோளைக் கொடுத்து எழுப்பினாள்.

அலுவலகத்தில் சீட்டக்காவை நீக்கிவிட்டார்கள். காரணம், போலிச்சீட்டு தயாரித்தது. கையெழுத்து அவளுடையதுதானே. உதவியாளர் தன்னை ஏமாற்றிவிட்டதாகப் பேராசிரியர் எழுதிக்கொடுத்தார். மேடைகளில் தொடர்ந்து பேசினார். கைதட்டல் கொஞ்சமும் குறையவில்லை. கம்பெனி அச்சுச்செலவைத் தர மறுத்துவிட்டதால் அகராதி பெட்டிகளுக்குள்ளேயே கிடந்தது. கணவரிடம் அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் நெடுநேரம் ஒரு சட்டையின் காலரைப் பிரித்துக்கொண்டிருந்தார். "எதிர்வீட்டுல என்ன சொல்றது?" என்று மட்டும் கேட்டார். பிறகு, "நானே சொல்லிக்கிறேன்" என்றார்.

மருந்து டப்பாக்களுக்கு லேபிள் அடிக்கும் ஓர் அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை அவளுக்குக் கிடைத்தது. ஏழு மாதம் போனது. ஒருநாள் காலை வேலைக்குக் கிளம்பி வாசலுக்கு வந்தபோது, தெருவில் குப்பை வண்டி ஒன்று வந்துகொண்டிருந்தது. பச்சைப் பெயிண்ட், புதுக் கம்பெனியின் பெயர். தள்ளிக்கொண்டு வந்தது கொட்டடியில் பார்த்த அந்தப் பெண்.

"வேற கம்பெனிக்கு மாறிட்டீங்களா?"

"நாங்க எங்க மாறுனோம்? பேருதான் மாறுச்சு. மொதலாளி அவனேதான். மச்சான் பேருல எடுத்திருக்கான்."

சீட்டக்கா குனிந்து பார்த்தாள். தொட்டியின் நடுப்பாகம் தரையை நோக்கி இறங்கியிருந்தது. வீட்டுச் சாவியால் அச்சைத் தட்டினாள். டொங்கென்றது.

"சீ" என்றாள். தொட்டியிலிருந்து சொட்டியது அவள் மணிக்கட்டில் விழுந்து முழங்கைக்கு வழிந்தது. "வண்டிய இப்படியே விசாரணை ஆபீசுக்குக் கொண்டுவர்றீங்களா? இந்தத் தடவ உருக்குறதுக்கு முன்னாடி காட்டிடலாம்."

அந்தப் பெண் யோசித்தாள். "வேல போயிடும்."

"வேல போனாலும் போகும். நான் இல்லைன்னு சொல்ல மாட்டேன்."

"இன்னிக்கு ரெண்டு தடவ கிறீச்சுன்னுச்சு" என்று அந்தப் பெண் தனக்குத்தானே சொல்வதுபோல் சொன்னாள். வண்டியையும், தன் காலையும் பார்த்தாள். "சரி. ஆனா மேட்டுல என்னால தனியாத் தள்ள முடியாது. ஒரு பக்கம் புடிங்க."

பிடியின் மேல் எண்ணெயும் அழுகலும் சேர்ந்து பிசுபிசுவென்றிருந்தது. சீட்டக்கா பிடித்தாள். இரண்டு பேரும் கடைத்தெரு வழியாகத் தள்ளிக்கொண்டு போனார்கள். எதிரே வந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒதுங்கினார்கள். ஒரு கடைக்காரர், "வேலைநேரத்துல நடுரோட்டுலயா, பின்தெருவுல போங்கம்மா" என்று கத்தினார். "நாங்க ஊர்வலம் போறோம்" என்று அந்தப் பெண் பதிலுக்குக் கத்தினாள்.

அலுவலகக் காவலாளி கேட்டை மூடப் பார்த்தார். அதற்குள் அந்த இரண்டுசக்கர வண்டி உள்ளே நுழைந்துவிட்டது. அதிகாரி மாடியிலிருந்து இறங்கி வந்தார். இன்றும் அவருக்கு ஜலதோஷம். "எனக்கு வாசனை தெரியாது, நல்லதாப் போச்சு" என்று சொல்லிவிட்டு, புடவையைச் செருகிக்கொண்டு வண்டியின் அடியில் குனிந்து, டார்ச் அடித்து, அச்சைத் தன் கையாலேயே தட்டிப் பார்த்தார். சங்கிலி கொண்டுவரச் சொல்லி, வண்டியை முற்றத்து இரும்புக் கம்பத்தோடு பூட்டி, சாவியைத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டார்.

குப்பையை எடுத்தால் ஆதாரத்தில் கைவைத்ததாகிவிடும் என்று கம்பெனி வக்கீலே முதல்நாள் ஆட்சேபம் எழுதிக்கொடுத்ததால், தொட்டி நிறைந்தபடியே அது வெயிலில் நின்றது. மூன்றாம் நாள் புழு வைத்தது. மாடியில் எழுத்தர்கள் முகமூடி போட்டுக்கொண்டு வேலை செய்தார்கள். இரண்டு பேர் விடுப்பில் போனார்கள். விசாரணைக்கு வந்த வக்கீல் சென்ட் பாட்டிலைக் கைக்குட்டையில் கவிழ்த்துக்கொண்டு, வாசலைத் தாண்டாமல் நின்றார். பன்னிரண்டாம் நாள், ஊரில் ஓடும் எல்லா வண்டிகளுக்கும் கெட்டியான கம்பியில் அச்சு போட்டு முடிக்கும்வரை ஒன்றையும் தெருவில் இறக்கக் கூடாது என்று உத்தரவு தயாரானது. உத்தரவின் வரைவைக் கையெழுத்துக்கு முன் ஒருமுறை சரிபார்த்துத் தரும்படி அதிகாரி சீட்டக்காவுக்கு அனுப்பியிருந்தார். அவள் அதை மருந்து லேபிள்களுக்கு நடுவில் வைத்து, எழுத்தெழுத்தாகப் படித்து, ஒரு பிழையைத் திருத்தி, மதியத் தபாலிலேயே திருப்பி அனுப்பினாள்.